வாய் நாற்றத்தோடு எந்த வேலைக்குப் போவது?

கேள்வி இதுதான். 26 வயது, பி.காம். படித்தவர். நகைக்கடை ஒன்றில் 4 வருடம் விற்பனைப் பிரிவில் இருந்தார். கல்லூரிக் காலத்திலிருந்தே வாயில் துர்நாற்றம். நாளைக்கு மூன்று முறை பல் துலக்கியும் போகவில்லை. பேசும்போது கூட வேலை செய்பவர்கள் மூக்கைத் தேய்க்கிறார்கள், வாடிக்கையாளர்கள் பின்னால் நகர்கிறார்கள். சூப்பர்வைசர் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். வேலையை விட்டு 6 மாதமாக வீட்டில் இருக்கிறார். “யார் முகத்தையும் பார்க்காமல் செய்யக்கூடிய வேலை ஏதாவது சொல்லுங்கள்” என்கிறார்.

தம்பி, நீங்கள் தேடும் வேலை உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் அது உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. 4 வருட நகைக்கடை அனுபவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏதோ ஒரு குடோனின் மூலையில் போய் உட்கார வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தொழிலை விடாமல், அதற்குள் நீங்கள் உட்காரும் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வைத்தியமும் வேலை தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும், ஒன்று முடிந்துதான் மற்றது என்று காத்திருக்க வேண்டாம். நான் ஈறு சிகிச்சை படித்த பல் மருத்துவன், கொங்குப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். அதனால் வைத்தியப் பேச்சு கொஞ்சம் நீளும். எந்த வேலை சரிப்படும் என்பது அதை வைத்துத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு வகைச் சாட்சிகள் கலந்திருக்கின்றன. சூப்பர்வைசர் சொன்னது ஒன்று. அது ஒரு மனிதர் வாய் திறந்து சொன்ன தகவல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூக்கைத் தேய்த்தது, பின்னால் நகர்ந்தது எல்லாம் வேறு வகை. அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாள் முழுக்க ஏசியில் நிற்பவர்களுக்கு மூக்கு அரிக்கும். ஆரம் கழுத்தில் எப்படி விழுகிறது என்று கண்ணாடியில் பார்க்கிறவர் பின்னால் நகரத்தான் செய்வார். ஒருமுறை சூப்பர்வைசர் சொன்னது மனதில் பதிந்த பிறகு, எதிரில் இருப்பவர் தும்மினாலும் நமக்காகத் தும்மியதாகவே தோன்றும். இந்தப் பயத்தை வைத்து ஒரு நூற்றாண்டாக வியாபாரமே நடந்திருக்கிறது. 1879இல் அமெரிக்காவில் அறுவை சிகிச்சைக்கான கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரினை 1920களில் வாய் நாற்ற மருந்தாக விற்கத் தொடங்கியபோது, உங்கள் நெருங்கிய நண்பர்கள்கூட இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள் என்ற தோரணையில்தான் விளம்பரம் செய்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள் என்ற எண்ணம் அப்படிப் பரவியதுதான்.

நம் வாய் வாசனையை நம் மூக்கால் சரியாக எடைபோட முடியாது. உள்ளங்கையைக் குவித்து ஊதிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. வீட்டில் ஒருவரை நம்பிக் கேளுங்கள். அம்மா வேண்டாம், பாசத்தில் பொய் சொல்வார். அக்காவோ தம்பியோ நல்லது, அவர்கள் தயவு பார்க்க மாட்டார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாய் வழியாக மெல்ல மூச்சு விடுங்கள், அவர்கள் முகரட்டும். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு மூக்கு வழியாக விடுங்கள். வாய் வழியாக மட்டும் வாடை வந்தால் காரணம் வாய்க்குள் இருக்கிறது. மூக்கு வழியாக மட்டும் என்றால் சைனஸ், மூக்கு சார்ந்த விஷயமாக இருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே மாதிரி வந்தால், ரத்தத்திலிருந்து நுரையீரல் வழியாக வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். இந்தச் சோதனையைக் காலை, மதியம், மாலை என்று வெவ்வேறு நேரத்தில் செய்யுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைவதால் காலையில் எழுந்தவுடன் எல்லோர் வாயும் நாறும். அது நோய் இல்லை.

நிஜமாகவே வாய் நாற்றம் இருப்பவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்தான் இருக்கும். நம் ஊரில் இதை யாரும் நம்புவதில்லை. “வயிறு சரியில்லை டாக்டர், அதுதான் வாய் நாறுது” என்று சொல்லிக்கொண்டு, ஆன்டாசிட் குடித்து, எண்டோஸ்கோப்பி எடுத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் பல் மருத்துவரிடம் வருவார்கள். உணவுக்குழாயின் வாசல் சாதாரணமாக மூடியே இருக்கிறது. ஏப்பம் வரும்போதோ, எதுக்களிக்கும்போதோதான் வயிற்று வாடை மேலே வரும். நாள் முழுக்க வரும் நாற்றத்துக்கு வயிறு காரணமாக இருப்பது அரிது.

வாய்க்குள் எங்கே என்றால், முதல் இடம் நாக்கின் பின்பகுதி. அங்கே படியும் வெண்மஞ்சள் மாவில், காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் உணவின் புரதத்தையும் உதிர்ந்த செல்களையும் சிதைக்கின்றன. அதில் கிளம்பும் கந்தக வாயுக்கள்தான் வாடை. முட்டை அழுகிய வாடை ஹைட்ரஜன் சல்பைடு. ஈறு நோய் முற்றியவர்களிடம் மெதில் மெர்காப்டன் என்ற இன்னொரு வாயு கூடுதலாக இருக்கும். அடுத்தது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஆழமாகிப்போன பள்ளங்கள். பிரஷ் அங்கே போகாது, நாளைக்கு பத்து முறை துலக்கினாலும் போகாது. உங்கள் வயதில் நான் தவறாமல் பார்ப்பது கீழ்த்தாடையின் ஞானப்பல். பாதி வெளியே வந்து பாதி சதைக்குள் மாட்டிக்கொண்டால் அந்தச் சதை மடிப்புக்குள் சாப்பாடு தங்கி அழுகும். பழைய ரூட் கேனல் பல்லின் மேல் சரியாகப் பொருந்தாத கேப், பற்களுக்கு நடுவில் உள்ள சொத்தை, டான்சில் குழிகளில் உருவாகும் அரிசி மாதிரி வெள்ளைக் கற்கள், இவையும் உண்டு. புகை, ஹான்ஸ், பாக்கு பழக்கம் இருந்தால் அதை விடாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

பல் மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலோர் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. அன்றைக்குத்தான் நன்றாகத் தேய்த்து, மவுத்வாஷ் போட்டு, மின்ட் மென்றுகொண்டு வருவார்கள். எனக்குப் புதினா வாசனைதான் வரும். முதல் தடவை காலை நேரத்தில் போங்கள். அன்று பல் துலக்காமல், மவுத்வாஷ் போடாமல், சென்ட் அடிக்காமல் போங்கள். முந்தைய இரண்டு நாள் பூண்டு, பச்சை வெங்காயம் வேண்டாம். கூச்சமாக இருந்தால் “நாற்றத்தைச் சோதிக்கத்தான் இப்படி வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். நல்ல மருத்துவர் முகர்ந்தே பார்ப்பார். 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது, கந்தக வாயுவை அளக்கும் கருவிகளும் உண்டு. கருவி இல்லாத ஊரில் மூக்கு போதும். மவுத்வாஷும் பேஸ்டும் மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புபவரிடம் திரும்பப் போகாதீர்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் கம்பி வைத்து ஈறுப் பள்ளத்தின் ஆழத்தை அளந்தாரா என்று கவனியுங்கள். அளந்திருந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். செலவு இடிக்கிறது என்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஈறு நோய்க்கென்றே தனிப் பிரிவு அங்கே உண்டு.

சிகிச்சையில் மர்மம் எதுவும் இல்லை. பல் கிளீனிங், தேவைப்பட்டால் ஈறுக்குள் ஆழமாக, மாட்டிக்கொண்ட ஞானப்பல்லை எடுப்பது, ஒழுங்காக இல்லாத கேப்பை மாற்றுவது. வீட்டில் நாக்கைப் பின்பக்கம் வரை வழிப்பது. நம் ஆட்கள் எல்லோரும் நாக்கு வழிக்கிறவர்கள்தான், ஆனால் முன்பாதியை மட்டும் வழித்துவிட்டு ஓங்கரிப்புக்குப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். வாடை பின்பாதியில் இருக்கிறது. நாக்கை நன்றாக நீட்டி, மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல வழித்தால் ஓங்கரிப்பு குறையும், சில நாளில் பழகிவிடும். ரத்தம் வரும் அளவுக்கு அழுத்தக் கூடாது. பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் அல்லது சின்னஞ்சிறு பிரஷ். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும், மாதக்கணக்கில் ஊற்றினால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் ருசி மாறும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு ஒன்று ஒன்றரை மாதத்தில் திரும்பவும் அளந்து பார்ப்போம். பெரும்பாலோருக்கு அதற்குள்ளேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

மிகச் சிலருக்கு வாயில் எதுவுமே இல்லாமல் நாற்றம் வரும். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் நோய்கள் காரணமாக இருக்கலாம், அதனால் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவது நல்லது. உடலே மீன் வாடை அடிக்கும் டிரைமெதிலமைனூரியா என்ற பரம்பரைக் கோளாறு இருக்கிறது. மூச்சில் மட்டுமல்ல, வியர்வையிலும் சிறுநீரிலும் வாடை வரும். சிறுநீர்ப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். கடல் மீன், ஈரல், முட்டை மஞ்சள் கரு, மீல் மேக்கர் போன்றவற்றை மருத்துவர் மேற்பார்வையில் குறைத்தால் அடங்கும். 2018இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இன்னொரு மரபணுக் காரணத்தையும் வெளியிட்டார்கள். கந்தக வாயு ஒன்றைச் சிதைக்க வேண்டிய நொதி வேலை செய்யாததால், வாய் சுத்தமாக இருந்தும் சிலருக்கு மூச்சு நாறுகிறது. இத்தனை வருடம் “நீ ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை” என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஆய்வு பெரிய ஆறுதல்.

இனி வேலைக்கு வருவோம். எல்லோரும் வேலைகளை, ஆட்களோடு பழகுவது, பழகாதது என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. பேசும்போது இரண்டு முகங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஓயாமல் பேச வேண்டும், நினைத்தபோது தண்ணீர் குடித்து வாய் கொப்பளிக்க முடியுமா, காற்று ஓடும் இடமா, இவற்றைப் பாருங்கள். வாய் காய்ந்தால் நாற்றம் கூடும். பேசப்பேச வாய் காயும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகள், சில ரத்த அழுத்த, மனநல மாத்திரைகளும் வாயைக் காயவைக்கும். அப்படி ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்படிப் பார்த்தால் நகைக்கடையின் விற்பனை மேசையைவிடக் கடினமான இடம் குறைவு. நடுவில் வெல்வெட் தட்டு, அதன் மேல் நீங்களும் குனிகிறீர்கள், வாங்க வந்தவரும் குனிகிறார். தோட்டின் திருகைக் காட்ட இன்னும் கிட்டே போகிறீர்கள். சேதாரம், செய்கூலி, கல் எடை என்று காலை முதல் இரவு வரை பேச்சு. மூடிய கண்ணாடிக் கதவு, ஏசி. கஸ்டமர் முன்னால் தண்ணீர் பாட்டிலை எடுக்க முடியாது. அதே தெருவில் உள்ள வங்கிக் காசாளர் உங்களைவிட அதிகம் பேரைப் பார்க்கிறார், ஆனால் நடுவில் கண்ணாடி நிற்கிறது, பேச்சும் இரண்டு வார்த்தைதான். உங்களுக்கு ஆகாமல் போனது அந்த மேசை. ஆட்களும் தொழிலும் உங்களுக்கு ஆகாமல் போகவில்லை.

ஒதுங்கிய வேலை என்று நினைப்பது சில நேரம் நேர்மாறாக இருக்கும். நூல் மில்லில் யாரோடும் பேச வேண்டாம் என்று ஒருவர் போய்ச் சேர்ந்தார். ஸ்பின்னிங் இரைச்சலில் ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் காதோடு வாய் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கால் சென்டரில் பேசுகிறவர் முகம் தெரியாது, சரி, ஆனால் ஷிஃப்ட் முழுக்கப் பேசி வாய் காய்ந்து கிடக்கும், பக்கத்துச் சீட்டுக்காரர் கை எட்டும் தூரத்தில் இருப்பார். ஆடிட்டர் ஆபீஸ் அமைதியான இடம்தான், ஆனால் பல ஊர்களில் அது ஃபைல் அடுக்கிய ஒரு சின்ன அறை, ஒரே கம்ப்யூட்டரை இருவர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் வேலையின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். சேரும் முன் ஒருமுறை போய் எங்கே உட்கார வைப்பார்கள் என்று கண்ணால் பாருங்கள்.

உங்கள் அனுபவத்துக்கு விலை இருக்கும் இடங்களைச் சொல்கிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகையை 6 இலக்க எச்.யூ.ஐ.டி. இல்லாமல் கடைகள் விற்க முடியாது. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு தனி அடையாளம், அதை ஸ்டாக்கில் ஏற்றி, டேக் போட்டு, பில்லோடு பொருத்த ஆள் வேண்டும். காரட், எடை, கல் கழிவு எல்லாம் கையில் பழகிய ஒருவர் அந்த ஸ்டாக் அறையில் உட்கார்ந்தால் முதலாளிக்கு லாபம். புதிதாக ஒரு பி.காம். பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே மாதங்கள் ஆகும். கொள்முதல் கணக்கு, பழைய தங்கக் கணக்கு, கிளைகளுக்குச் சரக்கு அனுப்பும் பிரிவு, ஹால்மார்க்கிங் மையம், 11 மாத நகைச் சேமிப்புத் திட்டத்தின் கணக்குப் பிரிவு, ஆன்லைன் ஆர்டர் எடுக்கும் பிரிவு என்று கடைக்குப் பின்னால் இன்னொரு கடையே இருக்கிறது. பெரிய கடைகளில் விற்பனையிலிருந்து அங்கே மாறுவது புதிய விஷயமும் இல்லை. விட்ட கடைக்கே திரும்பக் கூச்சம் என்றால் வேறு கடையில் இந்தப் பிரிவுக்கென்றே விண்ணப்பியுங்கள்.

பி.காம். இருப்பதால் டேலியும் ஜி.எஸ்.டி.யும் பழகிக்கொள்வது இன்னொரு கதவு. மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று வரிப் படிவங்களைத் தாக்கல் செய்துகொண்டே ஓடும் வேலை. பேச்சு குறைவு, கவனம் அதிகம். திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி நிறுவனங்களில் டாக்குமென்டேஷன் பிரிவு உண்டு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று நாள் முழுக்கக் காகிதத்தோடும் மின்னஞ்சலோடும்தான் பழக்கம். சென்னையில் மெடிக்கல் பில்லிங் நிறுவனங்கள் பட்டதாரிகளை எடுக்கின்றன. அங்கே ஏ.ஆர். காலர் என்றால் இரவு முழுக்க அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களோடு போனில் பேசுவது, அது வேண்டாம். பில் விவரத்தையும் வந்த பணத்தையும் கணினியில் ஏற்றும் சார்ஜ் என்ட்ரி, பேமென்ட் போஸ்டிங் என்று கேட்டுச் சேருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிற எண்ணம் இருந்தால், அதில் நேர்முகத் தேர்வு கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இளநிலை உதவியாளர், தட்டச்சர் பணிகள் உங்களுக்குப் பொருந்தும். கிராம நிர்வாக அலுவலர் என்றால் ஊரே மேசையைச் சுற்றி நிற்கும்.

இதே பிரச்சினை உள்ள, வேறு படிப்புப் படித்த ஒருவர் இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வரி. வயரிங், சோலார் பேனல், டூ வீலர் மெக்கானிக், நர்சரி, பால்பண்ணை, சி.என்.சி. ஆபரேட்டர், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் கேட் (CAD) டிராயிங், வீடியோ எடிட்டிங் எல்லாம் மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் நன்றாகவே பதில் சொல்லும். முடிதிருத்தம், அழகு நிலையம், கண் பரிசோதனை, ஜிம் டிரெய்னர், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் டியூஷன் ஆகியவற்றைச் சிகிச்சை முடியும் வரை தள்ளிவையுங்கள். மாஸ்க் போட்டுச் செய்யும் வேலையாகப் பார்க்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரண மாஸ்க் வாயுவை நிறுத்தாது, முன்னால் பாயும் மூச்சின் வேகத்தைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் வாடை உங்களுக்கே திரும்ப வருவதால் மனக்கலக்கம்தான் கூடும்.

வீட்டிலிருந்தே செய்யும் வேலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கறாரான கருத்து உண்டு. சிகிச்சை நடக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு, கையில் காசு வர, சரி. நிரந்தரமாக வேண்டாம். வெளியே போகாமல் இருந்தால் நாற்றம் குறைந்ததா இல்லையா என்று தெரிய வழியே இருக்காது. மனசுக்குள் அது மட்டும் கூடிக்கொண்டே போகும். பரிசோதனையில் நாற்றமே இல்லை என்று வந்த பிறகும் நம்ப முடியாமல் மருத்துவர் மாற்றி மருத்துவர் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லிக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பட்டியலில் இதற்கென்றே ஒரு தனி இடம் இருக்கிறது. இது பொய்யோ நடிப்போ இல்லை, அவர்கள் படும் வேதனை நிஜம், மருந்தும் மனநல ஆலோசனையும் கேட்கும் நோய். உங்கள் விஷயத்தில் ஒருவர் நேரில் சொல்லியிருப்பதால் நாற்றம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் சிகிச்சை முடிந்து, மருத்துவரும் வீட்டிலுள்ளவரும் வாடை இல்லை என்று சொன்ன பிறகும் இந்த நினைப்பு விடாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற அளவுக்கு மனம் போனால் அன்றைக்கே 14416க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். வெறும் வயிற்றோடு போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. மென்று சாப்பிடும்போதுதான் எச்சில் ஊறி வாய் கழுவப்படுகிறது. இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, நாக்கு வழித்து, வாய் கொப்பளித்துவிட்டுப் போங்கள். காபியைத் தள்ளிவையுங்கள். முதல் நாளே பூண்டுக் குழம்பு வேண்டாம், பூண்டின் வாடை ரத்தத்தில் கலந்து மூச்சில் வருவதால் அடுத்த நாள் காலையில் பல் துலக்கினால் போகாது. வெளியே காத்திருக்கும்போது சர்க்கரை இல்லாத சூயிங் கம் மெல்லலாம், உள்ளே போகும் முன் துப்பிவிடுங்கள். உள்ளே நடுவில் ஒரு மேசை இருக்கும். அந்தத் தூரத்தில் சாதாரணப் பேச்சு மூச்சு எதிரில் இருப்பவரை எட்டுவதற்குள் காற்றில் கலைந்துவிடும். நாற்றத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வதும், கையால் வாயை மறைப்பதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும்தான் வேலையைக் கெடுக்கும். எதையோ ஒளிக்கிற ஆள் போலத் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்து முழு வாக்கியத்தில் பேசுங்கள்.

அங்கே இதைப் பற்றி நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. 6 மாத இடைவெளி ஏன் என்று கேட்டால், “ஒரு சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை” என்றால் போதும். அதற்குத்தான் இந்த வாரமே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறேன், சொல்வது உண்மையாக இருக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கித் தருகிறேன், ஒதுக்கீடு கிடைக்கும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2016 சட்டத்தின் 21 வகைகளில் வாய் நாற்றம் இல்லை. சேர்ந்த பிறகு, பழக்கமான ஒருவரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்: “எனக்கு இப்படி ஒரு தொந்தரவு இருந்தது, வைத்தியம் பார்க்கிறேன், வாடை வந்தால் கண்ணைக் காட்டு.” அப்படி ஒரு ஆள் இருந்தால் மற்றவர்களின் மூக்கைக் கவனிக்கும் வேலை உங்களுக்கு மிச்சம். பரம்பரைக் கோளாறு என்று உறுதியானவர்கள் மேலாளரிடமே மருத்துவர் கடிதத்தோடு சொல்லிவிடுவது நல்லது, ஜன்னலோரம் சீட்டு கேட்க அது உதவும்.

கடைசியாக இரண்டு காகித வேலை. பழைய கடையில் அனுபவச் சான்று வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் சூப்பர்வைசர் முகத்தில் விழிக்க வேண்டாம், கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதில் விற்பனை என்று மட்டும் எழுதாமல், நீங்கள் ஸ்டாக் சரிபார்த்தது, பில் போட்டது எல்லாம் இருந்தால் அதையும் குறிப்பிடக் கேளுங்கள், ஸ்டாக் அறை வேலைக்கு அதுதான் பேசும். பி.எஃப். பணத்தை இந்த இடைவெளியில் எடுத்துவிடாமல் அதே யூ.ஏ.என். எண்ணோடு புதிய இடத்துக்கு மாற்றுங்கள். புதிய சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அந்த நிறுவனம் ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்திருந்தால் முதல் மாதமே கார்டு கேட்டு வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டு முறை ஈறு பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் பல் பிரிவிலேயே முடித்துக்கொள்ளலாம்.